முதுகு வழியே ஒரு மெல்லிய குழாய்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லித்தான் சங்கச் செயலாளர் மேடை ஏற்றியிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு செய்தி: அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகம் காத்திருக்காது.

யூரிட்டரை அடைப்பது கல்லாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வெளியிலிருந்து நெரிக்கலாம். எதுவானாலும் மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. அதில் கிருமி புகுந்தால் சீழ்க்கட்டி மாதிரிதான். சீழை வடிக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று சர்ஜரி வகுப்பில் படித்தோமே, அதே விதிதான் இங்கேயும். ஆன்டிபயாடிக் கொடுங்கள், ஆனால் "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கிருமி ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்திலேயே பிரஷர் விழுந்துவிடும்.

வடிக்க வழி இரண்டு. கீழிருந்து சிஸ்டாஸ்கோப் மூலம் டி.ஜே. ஸ்டென்ட் வைக்கலாம், அல்லது முதுகு வழியே நெஃப்ராஸ்டமி செய்யலாம். இந்த இரண்டாவது முறையை 1955-இல் அமெரிக்காவில் வில்லார்ட் குட்வினும் அவரது குழுவினரும் வெளியிட்டார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இடத்தை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே கீழ்க் கேலிக்ஸுக்குள் ஊசியைச் செலுத்துகிறோம். சிறுநீர் வந்ததும் கைடு வயர், டைலேட்டர், பிறகு நுனி சுருண்ட பிக்டெயில் குழாய். 8 பிரெஞ்சுக் குழாயின் குறுக்களவு 3 மில்லிமீட்டர்கூட இல்லை. முழு மயக்கம் தாங்காத நோயாளிக்கு இது பெரிய வரப்பிரசாதம். ரத்தம் உறையும் தன்மையையும் பொட்டாசியத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

குழாய் போட்டதோடு வேலை முடியவில்லை. அடைப்பு திறந்ததும் சிலருக்குச் சிறுநீர் வெள்ளமாகக் கொட்டும். அளந்து பார்த்துத் திரவம் ஈடுகட்டுங்கள். நீண்ட நாள் இருக்கும் குழாயைச் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். "இந்தப் பையோட நான் எப்படிங்க வெளிய போறது?" என்று கேட்பவருக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். முற்றிய புற்றுநோயில், கிரியாட்டினின் குறைவதாலேயே நோய் குறைந்துவிடாது. குழாய் வேண்டுமா என்று அவரையே முதலில் கேளுங்கள்.

தாலுகா மருத்துவமனையில் இருக்கும் நண்பர்களே! காய்ச்சல், விலாவலி, சிறுநீர் குறைவு என்று வந்தால் உடனே ஸ்கேன் பாருங்கள். சிறுநீரகம் வீங்கியிருந்தால் முதல் டோஸ் மருந்தைப் போட்டு, போனில் சொல்லிவிட்டு, அன்று இரவே அனுப்புங்கள். விடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம்.