ஹில்லாரி ஜெயித்திருந்தால் மெனண்டஸ் தேறியிருப்பாரா?



அமெரிக்காவிலே நியூஜெர்சி மாநிலத்தின் செனட்டராக இருந்தவர் பாப் மெனண்டஸ். ஜனநாயகக் கட்சிக்காரர். பணக்கார கண் டாக்டர் ஒருவரிடம் தனி விமானப் பயணம், சொகுசு விடுதி என்று அனுபவித்துவிட்டு அவருக்குக் காரியம் முடித்துக் கொடுத்தார் என 2015-ல் வழக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரமுடியாமல் விசாரணை கலைந்தது. பிறகு அரசே வழக்கைக் கைவிட்டது. ஆனால் செனட்டின் ஒழுங்குக் குழு விடவில்லை. 2018 ஏப்ரலில் கடுமையாகக் கண்டித்தது. இந்தக் கறையோடு அதே நவம்பரில் நின்றார். 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார்!

எப்படி? மக்கள் அவரை உத்தமர் என்று நம்பினார்களா? அந்த ஜூன் மாத உட்கட்சித் தேர்தலிலேயே, யாரென்று தெரியாத ஒரு பெண்மணிக்குச் சொந்தக் கட்சிக்காரர்கள் 38 சதவீத ஓட்டைத் தூக்கிக் கொடுத்தார்களே! நவம்பரில் அவரைக் கரை சேர்த்தது டிரம்ப் மீதிருந்த கோபம். எதிரே நின்ற பாப் ஹியூகின் மருந்துக் கம்பெனித் தலைவராக இருந்தவர், சொந்தப் பணத்தைக் கோடி கோடியாகக் கொட்டினார். "இவர் டிரம்ப் ஆள்" என்ற பிரச்சாரத்தின் முன்னே அந்தப் பணம் எடுபடவில்லை.

2016-ல் ஹில்லாரி கிளிண்டன் ஜெயித்திருந்தால்? அந்த ஆயுதமே கிடையாது. இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி அடிவாங்குவது அந்நாட்டு வழக்கம். ஒபாமா ஆட்சியில், 2014-ல், அவர் கட்சி 9 செனட் இடங்களை இழந்தது. வர்ஜீனியாவில் எந்த வழக்கும் இல்லாத மார்க் வார்னரே ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பினார்.

நியூஜெர்சி ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்பீர்கள். உண்மைதான், 1972-க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்காரர் யாரையும் அது செனட்டுக்குத் தேர்ந்தெடுத்ததில்லை. கறையில்லாத கோரி புக்கர் அந்த மோசமான 2014-லும் 13 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். மெனண்டசுக்கோ காற்று சாதகமாக வீசிய 2018-லேயே வித்தியாசம் 11 தான். காற்று எதிராக வீசியிருந்தால் தோற்றிருப்பார், அல்லது கட்சியே வேறு ஆளை நிறுத்தியிருக்கும். என் கணிப்பு இதுதான்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? வியாபாரிகள் கேளுங்கள். 2019-ல் எகிப்து அரசு, அமெரிக்காவிலிருந்து வரும் இறைச்சிக்கு ஹலால் சான்று வழங்கும் உரிமையை நியூஜெர்சியின் ஒரே ஒரு கம்பெனிக்கு ஏகபோகமாகத் தூக்கிக் கொடுத்தது. பல நிறுவனங்கள் செய்துவந்த வேலை அது. இந்தக் கம்பெனிக்கோ அதில் முன்அனுபவமே இல்லை! கட்டணம் ஏறியது. அமெரிக்க விவசாயத் துறை ஆட்சேபித்தது. அத்துறையின் உயரதிகாரிக்குப் போன் போட்டு, ஆட்சேபத்தை விட்டுவிடச் சொன்னவர் யார்? இதே மெனண்டஸ்.

2022-ல் அவர் வீட்டைச் சோதித்தபோது தங்கக் கட்டிகளும், கோட்டுப் பைகளில் திணித்தது உட்பட ஏறத்தாழ 4,80,000 டாலர் ரொக்கமும் கிடைத்தன. 2024 ஜூலையில் 16 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாயின. ஆகஸ்டில் ராஜினாமா. 2025 ஜனவரியில் 11 ஆண்டு சிறைத் தண்டனை.

2018-ல் தோற்றிருந்தால், 2019-ல் அந்தப் போனைப் போட அவரிடம் பதவியே இருந்திருக்காது.