பாட்டியின் மூக்குத்தி இடம் மாறிய கதை

வெலிங்டன்ல இருந்து பேசுறேன். வெளிய ஒரே மூடுபனி. நடுவுல மலை ரயில் கூவினா கண்டுக்காதீங்க.

போன மாசம் அம்மா பிறந்தநாளுக்கு ஒரு டாலர் செஞ்சேன். எஸ்டேட்ல கொழுந்து பறிச்ச எங்க பாட்டிக்கு இருக்கிறது ஒரே ஒரு போட்டோ. அதை பாலிமர் களிமண்ணில் பதிக்கணும். பேர்தான் களிமண், உண்மையில் பி.வி.சி. தூளோட பிளாஸ்டிசைசர் கலந்த பிளாஸ்டிக். சூளை வேண்டாம், ஓ.டி.ஜி. போதும்.

முதல்ல போட்டோவை ஸ்கேன் பண்ணி, வீட்டு இங்க்ஜெட்ல பிரிண்ட் எடுத்தேன். தண்ணி பட்டதும் பாட்டி முகம் கரைஞ்சு ஓடிடுச்சு. அந்த மை அப்படி. லேசர் பிரிண்டர்ல இருக்கிறது மையே இல்லை. டோனர், அதாவது சூட்டில் உருகி பேப்பரில் ஒட்டுற பிளாஸ்டிக் தூள். களிமண்ணில் இருக்கிற பிளாஸ்டிசைசர் அதை இளக்கித் தன் பக்கம் இழுத்துக்கும். மொத்த வித்தையும் இதுதான்.

குன்னூர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில், சாதா பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்தேன். களிமண்ணைப் பிசைஞ்சு தட்டையாக்கி, படத்தைக் குப்புற வெச்சு, ஸ்பூன் முதுகால தேய்ச்சு அரை மணி நேரம் விட்டேன். அப்புறம் பேப்பரை நனைச்சு, விரலால உருட்டி உருட்டி எடுக்கணும். நகம் பட்டா கன்னம் காலி! இன்னொண்ணு, பிரிண்டர்ல வெள்ளை கிடையாது. பேப்பரோட வெள்ளையைத்தான் நாம பார்க்கிறோம். அதனால பாட்டியோட வெள்ளைச் சேலைக்கு வெள்ளைக் களிமண்தான் வேணும்.

சுடுறது 130 டிகிரி, அரை மணி நேரம். பாக்கெட்ல போட்டிருக்கிறதைப் பாருங்க. ஓ.டி.ஜி. திருகை நம்பாதீங்க, உள்ள ஒரு தெர்மாமீட்டர் வைங்க. கருகினா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், விளையாட்டில்லை.

டாலரை அம்மா கையில் கொடுத்தேன். ஒரு நொடிதான் பார்த்தாங்க.

"மூக்குத்தி ஏன்டா இடது பக்கம் இருக்கு? எங்கம்மாவுக்கு வலது பக்கம்."

குப்புற வெச்சா படம் இடவலம் மாறும். மிரர்னு ஒரே ஒரு டிக் போட மறந்துட்டேன். நாலு பேர் எழுதின கோடுல தப்பு கண்டுபிடிக்கிறதுதான் எனக்கு வேலையே.

மறுபடியும் கடைக்கு ஓடி, மிரர் பிரிண்ட் எடுத்து, புதுசா செஞ்சேன். மூக்குத்தி வலது பக்கம் வந்துடுச்சு. ஆனா அம்மா அதைக் கழுத்துல போடலை, பர்ஸ்ல வெச்சிருக்காங்க. மழையில் நனைஞ்சிடுமாம். சுட்ட களிமண்ணுக்குத் தண்ணி ஒண்ணும் பண்ணாதும்மான்னு தினமும் சொல்லிட்டு இருக்கேன்.