பள்ளிக்கூடம் யார் பொறுப்பு?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஆசிரியர் நியமனம், சம்பளம், பாடத்திட்டம் எல்லாம் மேலிடத்தின் கையில். அது தவறென்று நான் சொல்லவில்லை. பாடமும் சம்பளமும் பள்ளிக்குப் பள்ளி மாறினால் ஏழை வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

ஆனால் குழாயில் தண்ணீர் வராததும், வகுப்பில் ஆசிரியர் இல்லாததும் மேலிடத்துக்கு முன்னே நமக்கல்லவா தெரியும்? அதற்காகத்தான் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி நிர்வாகக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மானியச் செலவை அக்குழு கண்காணிக்கலாம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டிப் பரிந்துரைக்கலாம். மானியம் ஒதுக்க அத்திட்டமே அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு.

உரிமை ஏட்டில் இருக்கிறது. நாமோ, மராத்தியில் எழுதிய தீர்மானத்தின் கீழே என்னவென்று கேளாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். பிறகு மேலிடத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

குழுக் கூட்டத்தை வேலை முடிந்த மாலை நேரத்தில் வைக்கக் கேளுங்கள். தீர்மானத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள்!