கட்டலோனியாவும் சமதர்மவாதிகளும்



சில நாட்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏழை, செல்வர் என்னும் வேற்றுமையை ஒழிக்க விரும்பும் சமதர்மவாதி, தனி நாடு கேட்கும் இயக்கத்தை ஆதரிப்பதா, எதிர்ப்பதா? கட்டலோனியாவைப் பற்றிச் சமதர்மவாதிகளே இரு கூறாகப் பிரிந்து நிற்கிறார்களே!" என்றார். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இன்று மீண்டும் முயல்கிறேன்.

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலையில் உள்ளது கட்டலோனியா. பார்சலோனா அதன் தலைநகர். கட்டலான் என்னும் தனிமொழி அதற்கு உண்டு. 1714ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அந்நகரம் ஐந்தாம் பிலிப் மன்னனின் படைக்குப் பணிந்தது. 1716இல் அதன் பழைய ஆட்சி மன்றங்கள் ஒழிக்கப்பட்டன. தாம் தோற்ற நாளையே தேசிய நாளாகப் போற்றும் மக்கள் அவர்கள். பிற்காலத்தில், ஸ்பெயினின் பெரும்பகுதி உழவையே நம்பியிருந்தபோது, அங்கே பஞ்சாலைகள் எழுந்தன. ஆகவே மொழியுரிமை இழந்த பகுதி என்றாலும் பொருந்தும். செல்வம் மிக்க பகுதி என்றாலும் பொருந்தும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

தேசத்தின் உரிமை என்னும் பேச்சு, அத்தேசத்துக்குள்ளேயே முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்பதை மறைத்துவிடுகிறது என்று ரோசா லக்ஸம்பர்க் 1908, 1909ஆம் ஆண்டுகளில் எழுதினார். லெனின் 1914இல் அதனை மறுத்தார். மணவிலக்கு உரிமையை ஒப்புக்கொள்பவன் எல்லாக் குடும்பங்களும் பிரிய வேண்டும் என்று விரும்புகிறவன் அல்லன். பிரிந்துபோகும் உரிமையும் அத்தகையதே என்பது அவர் வாதம். அடிமைப்பட்டிருந்த போலந்தில் பிறந்த பெண்மணி அவ்வுரிமையை மறுத்தார். ஆளும் இனமாகிய ருஷ்ய இனத்தில் பிறந்தவர் அதனை வழங்கினார்! இதனை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகிறது.

இவ்விருவர் கூற்றையும் பார்சலோனா நகரத்துத் தெருக்களில் வைத்துப் பார்ப்போம்.

1919 பிப்ரவரியில் அந்நகருக்கு மின்சாரம் வழங்கிய கம்பெனி ஒன்று தன் அலுவலகத்தில் எட்டு எழுத்தர்களை வேலையிலிருந்து நீக்கியது. கனடா நாட்டு மூலதனம் கொண்டதாகையால் அதனைக் ‘கனடாக்காரன் கம்பெனி’ என்றே மக்கள் அழைத்தனர். எட்டுப் பேருக்காக மூண்ட வேலைநிறுத்தம் நகரத்தையே இருளில் ஆழ்த்தியது. இராணுவச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். எனினும் 44 நாட்கள் தொழிலாளர் தளரவில்லை. ஏப்ரல் மாதத்தில் எட்டு மணி நேர வேலைநாள் ஸ்பெயின் முழுமைக்கும் ஆணையாயிற்று. பார்சலோனாத் தொழிலாளி பட்ட பாட்டின் பயனை மாட்ரிட் தொழிலாளியும் துய்த்தான்.

முதலாளிகள் இதனை மறக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் தெருவில் சுடப்பட்ட கொடிய ஆண்டுகள் தொடர்ந்தன. வேலைநிறுத்தத்தை நடத்திய சல்வதோர் செகீ 1923 மார்ச்சில் கொலையுண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தளபதி பிரிமோ டி ரிவேரா ஆட்சியைக் கைப்பற்றினார். தொழிலாளரை ஒடுக்க ஒருவர் வந்தார் என்று கட்டலோனிய ஆலை முதலாளிகள் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். அவர்களிற் பலர் அதுவரை கட்டலான் மொழியையும் தன்னாட்சியையும் மேடைதோறும் புகழ்ந்தவர்கள்! அடுத்த சில நாட்களிலேயே கட்டலோனியக் கொடிக்குத் தடை வந்தது. அலுவலகங்களில் மொழியும் தடைப்பட்டது. 1914இல் அமைந்த தன்னாட்சி மன்றம் 1925இல் கலைக்கப்பட்டது. தொழிலாளிக்கென்று அழைத்த தடி, அழைத்தவரின் கொடிமீதே விழுந்தது.

செகீயுடன் 1920இல் மெனோர்க்காத் தீவுக் கோட்டைக்குக் கடத்தப்பட்டவர்களில், தொழிலாளருக்காக வழக்காடிய லூயீஸ் கம்பானிஸ் ஒருவர். அவர் பின்னர் கட்டலோனியாவின் தலைவரானார். உள்நாட்டுப் போரில் தோற்றுப் பிரான்சில் தஞ்சம் புகுந்தவரை ஜெர்மானியர் பிடித்துப் பிராங்கோவிடம் ஒப்படைத்தனர். 1940 அக்டோபர் 15ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவை பழங்கதைகள்தாமே என்பீர்கள். 2011 ஜூனில், கல்விக்கும் மருத்துவத்துக்கும் செய்யும் செலவைக் குறைத்த கட்டலோனிய அரசை எதிர்த்து மக்கள் அதன் சட்டமன்றத்தைச் சூழ்ந்தனர். தலைவர் ஆர்தூர் மாஸ் ஹெலிகாப்டரில் வந்து இறங்க நேர்ந்தது. போராடியவர்கள்மீது வழக்காடியவர்களுள் கட்டலோனிய அரசும் ஒன்று. கீழ் நீதிமன்றம் விடுவித்தவர்களில் எட்டுப் பேருக்கு ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் 2015இல் மூன்றாண்டுச் சிறை விதித்தது. அதே நீதிமன்றம் 2019இல் கட்டலோனியத் தலைவர்கள் ஒன்பதின்மருக்கு 9 முதல் 13 ஆண்டுவரை சிறை விதித்தது. 2017 அக்டோபர் 1ஆம் நாள், தடையை மீறிப் பொதுவாக்கெடுப்பு நடத்தியதைச் சுற்றி எழுந்த வழக்கு அது.

அன்று காவலர் வாக்குச்சாவடிகளுள் புகுந்து, வாக்களிக்க வந்த முதியோரையும் அடித்தனர். வாக்களித்தோர் நூற்றுக்கு 43 பேர். அவர்களில் 90 விழுக்காட்டினர் பிரிவினையை விரும்பினர். பாதிக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை என்பதை நான் மறைக்கமாட்டேன். தனி நாடு அமைந்தால் தொழிலாளியின் கூலி உயரும் என்றும் நான் நம்பவில்லை. அங்கே ரோசா அம்மையார் பக்கமே நிற்பேன். ஆனால் வாக்குப்பெட்டியைத் தூக்கிவந்தவனைத் தடியால் அடிக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கூற அவன் எந்தப் பக்கம் வாக்களித்தான் என்று நான் விசாரிக்கமாட்டேன். அன்று அந்த மாணவருக்கு நான் சொல்லத் தவறியது இதுதான்.

கட்டலோனியாவின் தன்னாட்சியை 2017இல் மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டபோது, ஸ்பானிய சோஷலிஸ்டுக் கட்சி அதனை ஆதரித்தது. சிறையிலிருந்தவர்களை அக்கட்சியின் அரசே 2021இல் மன்னித்து விடுவித்தது. பின்னர்ப் பொதுமன்னிப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. மனமாற்றமா, ஆட்சியமைக்கக் கட்டலோனியக் கட்சிகளின் வாக்குகள் தேவைப்பட்ட கணக்கா என்று பலரும் கேட்டனர். இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2024 மே 30ஆம் நாள் அச்சட்டம் நிறைவேறியது. ஆதரித்தோர் 177 பேர். எதிர்த்தோர் 172 பேர்.