இசைத்தட்டை இரவல் கொடுக்கலாமா?

மாதுங்காவிலும் கரோல்பாகிலும் குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில், ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே பத்திரமாக வந்த பழைய இசைத்தட்டுகள் இன்றும் உண்டு. அவற்றுள் பல, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சாகித் தமிழகம் சென்றவை. அவையும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவையே! நண்பர் ஒருவர் அதனை இரண்டு நாள் இரவல் கேட்டால், இல்லையென்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. அயலூரில் நண்பரே உறவினர் அல்லவா?

ஆயினும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டு, அரக்கும் கற்பொடியும் கலந்து செய்தது. கை தவறினால் அப்பளம்போல் நொறுங்கும். உடைவதாவது கண்ணுக்குத் தெரியும், தேய்வது தெரியாது. பக்கத்துக்கு ஒரு புதிய எஃகு ஊசி என்பது அக்கால விதி. மழுங்கிய ஊசி ஓடினால் பள்ளத்தோடு குரலும் அராவப்படும். என்.சி. வசந்தகோகிலம் 1951-இல் மறைந்தார். அவர் மீண்டும் வந்து பாடப்போவதில்லை.

ஆகவே, தட்டை அனுப்புவதினும் நண்பரை அழைப்பதே தக்கது எனக் கருதுகிறோம். ஞாயிறு மாலை, காப்பியோடு சேர்ந்து கேட்கலாம். கணினியில் பதிந்து பிரதி கொடுப்பதும் இன்று எளிது. ஆனால் 78-க்குரிய அகன்ற ஊசியையே பொருத்துதல் வேண்டும். எல்.பி. தட்டின் மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலையே எழுப்பும்.

நடமாட இயலாத முதியவர் கேட்டால்? தட்டையும் கருவியையும் நாமே அவர் இல்லத்துக்குச் சுமந்து செல்வோம்.