ஓட்டுகிறவனுக்குச் சோதனை, ஓட்டச் சொல்கிறவனுக்கு?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



லாரி டிரைவர்களைப் பற்றி நம்மிடம் வந்து பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். ராத்திரி ஷிப்டுக்கு உங்கள் வீட்டுப் பெண்ணை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போகிற மில் வேனை ஓட்டுகிறவர் யார்? அவர் முந்திய நாள் எங்கே ஓட்டினார், எப்போது படுத்தார்? களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் இருபது முப்பது பேரைக் குட்டியானையில் நிற்கவைத்துக் கொண்டுபோகிறார்களே, அந்த வண்டிக்குள்ள லைசென்ஸ் என்ன, இன்சூரன்ஸ் என்ன? நமக்குத் தெரியாது. நம் உயிரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். அதோடு, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் குடிசைகளில் லாரிக்குப் போகாத பையன் உள்ள குடிசை எத்தனை? காட்டு வேலைக்குக் கூலி கட்டாமல் கிளீனராகப் போனவன்தான் பிறகு டிரைவராகிறான். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

டிரைவரைச் சோதிப்பதற்குச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. கனரக வண்டிக்கு லைசென்ஸ் வாங்கவும் புதுப்பிக்கவும் டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். 25 மீட்டர் தூரத்திலுள்ள நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா என்று அந்தப் பாரம் கேட்கிறது. நியாயமான கேள்விகள். ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயம் இருந்தால், முதல் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதுவும் நியாயம். குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுகிறவனுக்காக வாதாட நாம் இங்கே வரவில்லை.

சமையல் கேஸ் டாங்கர் ஓட்டுகிறவருக்குச் சோதனை இன்னும் கடுமை. நாமக்கல் டாங்கர்கள் தென்னாடு முழுவதும் ஓடுவது உங்களுக்குத் தெரியும். அபாயகரமான சரக்கு ஏற்றுகிறவர் மூன்று நாள் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அவர் லைசென்ஸ் மூன்றாண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி. இது ஏன் என்பதற்குக் கண்ணூர் பக்கத்துச் சாலா என்ற ஊரே சாட்சி. 2012 ஆகஸ்டு 27 இரவு அங்கே ஒரு கேஸ் டாங்கர் சாலை நடுவிலுள்ள தடுப்பில் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. வீட்டிலிருந்த ஜனங்கள் கருகினார்கள். மாண்டவர்கள் 20 பேர்.

சரி, இத்தனை கேள்வி கேட்கும் அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி மட்டும் இல்லை: "கடைசியாக எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" அந்தக் கேள்விக்கு டிரைவர் மட்டும் பதில் சொல்ல முடியாது. அவரை அனுப்பியவரும் சேர்ந்து பதில் சொல்லவேண்டும். அதனால்தான் அது இல்லையோ என்னவோ!

ஒரு கணக்குப் போடுவோம். நாமக்கல்லிலிருந்து டில்லி சுமார் 2,400 கிலோமீட்டர். லோடு ஏற்றிய லாரி, செக்போஸ்ட், டோல்கேட், மலைப்பாதை எல்லாம் சேர்த்து, மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது மணி நேர ஓட்டம். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் ஏழரை நாள். ஆனால் சரக்குக்காரர் என்ன சொல்கிறார்? நாலாம் நாள் காலையில் இறக்கியாக வேண்டும் என்கிறார். மூன்று நாளில் அறுபது மணி என்றால் நாளைக்கு இருபது மணி. இரண்டு டிரைவர் இருந்தால் ஆளுக்குப் பத்து. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கால் நீட்டிப் படுக்கச் சீட்டும் வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. பிறகு அதையும் தளர்த்திவிட்டார்கள். ஒரே ஆளை அனுப்பினால் ஒரு சம்பளமும் ஒரு படியும் மிச்சம். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால், டிரைவரும் தூக்கத்தை விற்றுத்தான் அரிசி வாங்கவேண்டியிருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விடியற்காலம் பிரேக் சூடேறி நிற்காமல் போகிற வண்டிக்குள்ளே யார் இருந்தார், எத்தனை டன் கூடுதலாக இருந்தது, எத்தனை மணி நேரமாக அவர் கண் மூடவில்லை என்று கேட்டால், விபத்தின் பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும்.

இதற்குச் சட்டமே இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூர வண்டிக்கு அனுமதி பெற்றால் பத்து மணி, வாரத்துக்கு 54. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும் வரை, இடைவிடாத ஒன்பது மணி ஓய்வு. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் ஷரத்தும் இந்த நேரக் கணக்கையே கைகாட்டியது. கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது அல்லவா? நாமக்கல் பட்டறைகளில் நிற்கிற டிரைவர்களிடம் இதைப் படித்துக் காட்டினோம். சிரித்தார்கள். ஒருவர், "இது எந்த தேசத்துச் சட்டம், அண்ணா?" என்று கேட்டார்.

அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர் உள்ள கம்பெனிக்கே செல்லும். மூன்று லாரி வைத்திருக்கிறவரிடம் மூன்று டிரைவர், மூன்று கிளீனர், ஆறு பேர், சட்டத்துக்குள் வந்துவிட்டார். இப்போது என்ன நடந்தது? அந்தச் சட்டத்தைப் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டார்கள். 2020-இல் நிறைவேறிய அது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்றால் பத்துத் தொழிலாளர் இருக்கவேண்டும். மூன்று லாரிக்காரர் வெளியே போய்விட்டார்! ஒன்றிரண்டு லாரியும் நாலைந்து லாரியுமாகவே தொழில் நடக்கிற நம் பகுதியில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. நாற்பது வயது தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு தரம் இலவச மருத்துவப் பரிசோதனை என்று மத்திய சர்க்கார் பெரிதாக அறிவித்ததே, அந்தப் பரிசோதனையும் இவருடைய டிரைவருக்கு எட்டாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நாமக்கல் லாரி முதலாளிகளில் பலர் நேற்றுவரை டிரைவராக இருந்தவர்கள். நிலத்தை விற்று, பைனான்ஸ் வாங்கி, மாதத் தவணைக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் கழுத்தில் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனியும் புக்கிங் ஏஜெண்டும் கால் வைத்திருக்கிறார்கள். தேதியை நிர்ணயிப்பவர்களும் வாடகையை அடிமட்டத்துக்கு இறக்குபவர்களும் அவர்கள்தான். ஓவர்லோடு பிடித்தால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது சட்டம். அது ஓட்டியவனை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்தவனையும், ஓட்ட விட்டவனையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் ரோட்டில் நிற்பது டிரைவர். லைசென்ஸைப் பிடுங்குவதும் அவரிடம்.

மேல்நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 1987-இல் மேரிலாந்து மாகாணத்தில் ரயில்கள் மோதி 16 பேர் இறந்தார்கள். என்ஜின் டிரைவர் கஞ்சா புகைத்திருந்தார். அதன் பிறகு 1991-இல் போக்குவரத்துத் தொழிலாளருக்குப் போதைச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அந்தச் சட்டத்தை நம் முதலாளிகள் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே நாட்டில், பத்து மணி ஓய்வெடுத்த பிறகுதான் லாரி ஓட்டலாம், அதிலும் 11 மணிக்கு மேல் கூடாது, வண்டியிலுள்ள கருவியே அதைக் குறித்துக்கொள்ளும் என்பதையும் அவர்கள் சொல்லவேண்டுமே! ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி நிறுத்தியாக வேண்டும்.

அடுத்தது, சோதனையில் தோற்றவனின் கதி. இதுதான் பெரிய விஷயம். கண் பரிசோதனை என்றால் நம் டிரைவர்கள் ஏன் ஓடி ஒளிகிறார்கள்? கண் மங்கியது வெளியே தெரிந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. அதனால்தான் டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சர்ட்டிபிகேட் வாங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட சர்ட்டிபிகேட்டுகளை நாங்களே பார்த்திருக்கிறோம். இரவில் எதிரே வரும் விளக்கு இரண்டா ஒன்றா என்று தெரியாதவர் அந்தக் காகிதத்தோடு ரோட்டில் போகிறார். குற்றம் யாருடையது?

தெலங்கானாவில் நடந்ததைக் கேளுங்கள். அரசுப் பஸ் டிரைவர் ஒருவருக்கு நிறம் பிரித்தறியும் சக்தி இல்லை என்று மருத்துவச் சோதனையில் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: வேறு வேலை கொடு என்று. கோர்ட்டார் எதைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? 1979-இல் அந்தக் கழகத்தோடு தொழிற்சங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தை! நிறம் தெரியாமற்போன டிரைவருக்கு மாற்று வேலை என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது. எழுதியவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடிருக்கிறார்களோ, 46 ஆண்டு கழித்து அந்த ஒரு வரி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. நாமக்கல் லாரி டிரைவருக்கு அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது?

சோதனை என்ற பெயரில் அவமானமும் வரும், அதையும் கவனிக்கவேண்டும். எய்ட்ஸ் பயம் பரவிய 1990-களில் நாமக்கல் லாரிக்காரன் என்றாலே விரல் நீட்டினார்கள். பெண் கொடுக்கத் தயங்கினார்கள். வேலை கொடுக்க எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்தது. வண்டியைப் பத்திரமாக ஓட்டுவதற்கு எது தேவையோ அதை மட்டும் சோதிக்கட்டும்.

இனி நம் குட்டியானைக்கு வருவோம். அது சரக்கு வண்டி. அதில் பயணியாக ஏறியவருக்கு நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று 2002-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் வண்டிக்காரரைத்தான் பிடிக்கவேண்டும். அவரிடம் வண்டியே கடனில் இருக்கும். ஆகவே கூலி பேசும்போதே போக்குவரத்தையும் பேசுங்கள்: ஆள் ஏற்றும் பர்மிட் உள்ள வண்டி வந்தால் ஏறுவோம் என்று. ஒரு பெண் மட்டும் சொன்னால் அடுத்த நாள் அவளை அழைக்கமாட்டார்கள். ஊரே சொல்லவேண்டும்.

மில் தோழர்களுக்கு வேலை சுலபம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது உடைமையாளருடைய குற்றம். டிரைவருடைய லைசென்ஸ், மருத்துவ சர்ட்டிபிகேட், அவர் ஓட்டிய மணிக் கணக்கு, இம்மூன்றையும் மில் வாசலில் ஒரு ரிஜிஸ்தரில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனைச் செலவு நிர்வாகத்தினுடையது. தோற்றவருக்கு மில்லுக்குள்ளேயே வேறு வேலை. இதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். டிரைவரின் வேலைநேரத்தை முன்கூட்டி நிர்ணயித்து எழுதிவைக்க உத்தரவிட 91-ஆம் ஷரத்து மாநில சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த உத்தரவைக் கேட்டுச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கலெக்டர்களிடம் மனுக் கொடுக்கிறோம். கையெழுத்துப் புத்தகம் மேடைக்கு இடது பக்கம் இருக்கிறது.

இன்னொன்று. நாளை இரவு வேனில் ஏறும்போது டிரைவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணா, கடைசியாக எப்போது படுத்தீர்கள்?" கோபித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அவரை யாரும் இதுவரை அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் சொல்கிற பதிலைத் தேதி போட்டு எழுதி, ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுங்கள்.