ஒளி சொல்லும் புரதக் கதை

கேமரன் மலைக் குளிரில், வேலைக்குப் புறப்படுமுன் நாம் முட்டை அவிக்கிறோம். கண்ணாடிபோல் இருந்த முட்டை வெள்ளை, வெந்ததும் வெளுத்துக் கெட்டியாகிவிடுகிறது. நாம் அதில் எதையும் சேர்க்கவில்லை. பின் என்ன மாறியது? புரதத்தின் வடிவம் மாறியது. புரதம் நீண்ட மணிமாலை போன்றது. தனக்குரிய முறையில் மடிந்து சுருண்டிருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். சூடு பட்டதும் மடிப்புக் குலைந்து, மாலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இந்த மடிப்பை எப்படி அறிவது? ஒளியை அனுப்பிப் பார்ப்பது ஒரு வழி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் ஓர் உண்மையைக் கண்டார். ஒரே நிற ஒளியை ஒரு பொருளின்மேல் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. மூலக்கூறுகளின் அதிர்வே அதற்குக் காரணம். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுருண்ட புரதம் ஒரு விதமாகவும், தகடுபோல் மடிந்த புரதம் வேறு விதமாகவும் அதிர்கின்றன. ஆகவே லேசர் ஒளியைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிகிறார்கள்.

இதற்கு உறவான ஒரு கருவியை நாம் கிளினிக்கில் பார்த்திருப்போம். விரலில் மாட்டும் சிறு கவ்விதான் அது. நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். பிராணவாயுவைப் பற்றியதும் அதன் வடிவமும் மாறும், நிறமும் மாறும். பிராணவாயு இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். பிராணவாயுவை ஏந்தியது அகச்சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். கவ்வி இரு ஒளிகளையும் விரலினூடே செலுத்தி, நாடித் துடிப்போடு கூடிக் குறையும் அளவைக் கணக்கிடுகிறது. இம்முறையை 1974இல் வெளியிட்டவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி. உடல்நலம் உள்ளவருக்குப் பெரும்பாலும் 95க்கு மேல் காட்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பனியில் கொழுந்து பறித்துச் சில்லிட்ட விரலில் கணக்குப் பிசகலாம்; கையைச் சூடாக்கிக்கொண்டு மாட்ட வேண்டும். நகப்பூச்சும் மருதாணியும் கருவியை ஏமாற்றக்கூடும். கறுத்த தோலில் சில வேளை உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். ஆகவே பிள்ளைக்கு மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கருவி காட்டும் எண்ணை நம்பி நாம் லயத்தில் காத்திருக்கக்கூடாது. உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். ஒளி சொல்வதைக் கேட்போம். பிள்ளையின் மூச்சு சொல்வதை அதற்கு முன்பே கேட்போம்.